வனஉரிமைச் சட்டத்தின் தமிழாக்கமும் 'சார்ந்திருத்தல்' என்னும் சொல்லும்

காட்டுக்கும் அதனையொட்டி வாழும் மக்களுக்கும் இடையேயுள்ள உறவைக் குறிக்க, இன்றைய தமிழ் உரைநடையில், குறிப்பாகச் சட்டங்கள், அரசாணைகள், ஆய்வறிக்கைகள் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகளில், 'சார்ந்திருத்தல்' என்னும் ஒரு வினையே பெரிதும் ஆளப்பட்டு வருகிறது. 'காடு சார்ந்த மக்கள்', 'வனம் சார்ந்த வாழ்வாதாரம்' ஆகிய தொடர்கள் இன்று நம் செவிக்குப் பழகிவிட்டன. பஸ்தரில் விடியற்காலையில் மகுவாப் பூப் பொறுக்கும் கோண்டுப் பெண்ணும், எருமைக் கூட்டத்துடன் சிவாலிக் அடிவாரத்திற்கும் இமயத்துப் புல்வெளிக்கும் இடையே ஏறி இறங்கும் வன குஜ்ஜரும், தெய்வக்காட்டிலிருந்து ஒரு சுள்ளியும் எடுத்து வராத காசி மக்களும் இந்த ஒரே வினைக்கு எழுவாய்களாக நிற்கின்றனர். உறவுகள் பலவாக இருக்க, வினை ஒன்றாக இருப்பது ஏன், அதனால் விளைவது என்ன என்பதனை, 2006ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டத்தில் இடம்பெறும் சில சொற்களை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தனியொரு மொழிபெயர்ப்பைக் குறைகூறுவது நோக்கமன்று. பரவலாக வழங்கும் மொழிபெயர்ப்பு முறையே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வினையும் எழுவாயும்

பட்டியல் பழங்குடியினரும் பிற மரபுவழி வனவாழ்வோரும் பற்றிய இச்சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிமை கோரத்தக்கவர் யார் என்பதனை வரையறுக்கும் இடத்தில் இது இரண்டு வினைகளை 'உம்'மையால் இணைக்கிறது. ஒருவர் முதன்மையாகக் காட்டில் வசிப்பவராகவும், மெய்யான வாழ்வாதாரத் தேவைகளுக்குக் காட்டையோ காட்டு நிலத்தையோ சார்ந்திருப்பவராகவும் இருத்தல் வேண்டும். பட்டியல் பழங்குடியினர் அல்லாதார்க்கு இத்தொடர்பு 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னர் மூன்று தலைமுறைக் காலம் நீடித்திருக்க வேண்டும் என்பதும், தலைமுறை என்பது 25 ஆண்டு என்பதும் கூடுதல் வரையறைகள்.

'டிபெண்டு' என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் 'சார்', 'நம்பு', 'அண்டு' ஆகியவை நிகராகக் கூடியன. இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி அல்ல. 'காட்டை நம்பிப் பிழைக்கிறோம்' என்று ஒருவர் கூறும்போது காட்டின் மீது அவர் வைத்த உறுதிப்பாடும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. 'அண்டி' என்பதில் இடத்தின் நெருக்கமும் சிறிது தாழ்வும் சேர்ந்தொலிக்கின்றன. 'சார்' என்பதோ நடுநிலையானது எனக் கருதியே சட்டத் தமிழ் அதனைத் தேர்ந்துகொண்டது எனலாம். ஆயின் அலுவலகத் தமிழில் 'சார்ந்தோர்' என்பது ஊழியரின் வருவாயில் வாழும் குடும்பத்தாரைக் குறிக்கும் கலைச்சொல்லாக முன்னரே நிலைபெற்றுவிட்டது. ஈட்டாதவர், பிறர் தரப் பெறுபவர் என்னும் குறிப்பு அதில் உண்டு. இந்தியில் வழங்கும் 'ஆஷ்ரித்' என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான்.

இது வெறும் நுண்பொருள் வேறுபாடு அன்று. மேற்கூறிய சட்டத்தில் சார்ந்திருத்தல் என்பது உரிமைக்கு ஆதாரம். வனத்துறை அறிக்கைகளிலோ அதே சொல் காட்டின் மீது மக்கள் சுமத்தும் பாரத்தைக் குறிக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் உரிமைக்குச் சான்றாகவும் மற்றோரிடத்தில் குற்றச்சாட்டாகவும் நிற்கின்றது. மூல ஆங்கிலத்திலேயே உள்ள இவ்விருமையை மொழிபெயர்ப்பாளர் நீக்கிவிட இயலாது. வரையறைப் பிரிவில் பொதுச்சொல் ஒன்று தேவை என்பதும், அதற்குச் 'சார்ந்திரு' பொருந்தும் என்பதும் உண்மையே. அந்தப் பொதுச்சொல் தன் பிரிவைக் கடந்து, சட்டமே தனித்தனியாகப் பெயரிட்டுக் கூறும் உறவுகளையும் விழுங்கிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வினையாகிய 'வசித்தல்' பற்றியும் ஒன்று குறிப்பிட வேண்டும். சட்டத்தின் இந்திப் பெயரில் 'வன் நிவாஸீ' என்றும், தமிழில் 'வனவாழ்வோர்', 'வனத்தில் வசிப்போர்' என்றும் வழங்குகின்றன. காட்டோரத்து ஊரில் குடியிருந்து நாள்தோறும் காட்டுக்குள் சென்று வருவோர் இதில் அடங்குவரா என்னும் ஐயம் எழுந்ததனால், காட்டுக்குள்ளேயே குடியிருத்தல் கட்டாயமன்று என்று நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகம் 2008இல் விளக்கமளிக்க நேர்ந்தது. வன குஜ்ஜர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களது 'டேரா' என்னும் குடியிருப்பு, பனிக்காலத்தில் சிவாலிக் காடுகளிலும் கோடையில் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளிலுமாக இடம் மாறுவது. உத்தராகண்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர் அல்லராதலின் 75 ஆண்டுச் சான்றும் காட்ட வேண்டியவர்கள். இத்தகையோர்க்கு 'வசிப்போர்' என்பதைவிட 'வாழ்வோர்' என்பது இடங்கொடுக்கும் சொல். 'வசி' ஓரிடத்தில் நிலைகொள்வதைச் சுட்டும். 'வாழ்' வாழ்முறையையும் சுட்டும். தமிழாக்கங்கள் இவ்விரண்டையும் வேறுபாடின்றி மாற்றி மாற்றி ஆள்வது வருந்தத்தக்கது.

நிஸ்தார்

சமுதாய உரிமைகளைக் கூறும் பிரிவில் சட்டம் 'நிஸ்தார் போன்ற' உரிமைகள் என்றும், அவை 'எப்பெயரால் அழைக்கப்பெறினும்' என்றும், முன்னைய சமஸ்தானங்களிலும் ஜமீன்களிலும் வழங்கியவை உட்பட என்றும் குறிக்கிறது. ஆங்கிலச் சட்ட வாசகத்துள் மொழிபெயர்க்கப்படாமலே நுழைந்த நாட்டு வழக்குச் சொல் இது. தமிழில் இச்சொல்லைக் கையாள்வோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, 'நிஸ்தார்' என்று ஒலிபெயர்த்து விளக்கமின்றி விட்டுவிடுவது. மற்றொன்று, அதனை விட்டொழித்துச் 'சமுதாய உரிமைகள்' என்று மட்டும் எழுதுவது. முன்னது படிப்பவர்க்கு எதையும் உணர்த்தாது. பின்னது, சட்டம் எடுத்துக்காட்டாக வைத்த ஒரே பெயரையும் அழித்துவிடுகிறது.

நிஸ்தார் என்பது வடமொழியில் கடந்து கரையேறுதல், விடுபடுதல், கடன் தீர்த்தல் ஆகிய பொருள்களைத் தரும் சொல்லிலிருந்து வந்தது. நடு இந்தியாவில் அது அன்றாடத் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுக்கு நகர்ந்துள்ளது. 'காலந்தள்ளுதல்' என்று நாம் கூறுவதிலும் கடந்து செல்லுதல் என்னும் இக்கருத்தே இருப்பதனை ஒப்புநோக்கலாம். சத்தீஸ்கரில் குளித்தல், துவைத்தல், மாடு கழுவுதல் முதலியவற்றிற்கான குளத்தை 'நிஸ்தாரி' குளம் என்பர். அதே சொல்தான் காட்டிலிருந்து விறகு, வேலிக்கழி, கலப்பைக்குரிய மரம், புல், தழை ஆகியவற்றைக் கொண்டுவருவதற்கும், கால்நடை மேய்ப்பதற்கும் ஆளப்படுகிறது. ஆகவே இது 'பயன்படுத்துதல்' என்பதைவிடக் குறுகியதும் ஆழமானதுமான பொருளுடையது. வீட்டுக்கும் உழவுக்கும் வேண்டியது இதனுள் அடங்கும். சந்தைக்கு வேண்டியது அடங்காது.

மத்தியப் பிரதேசத்தின் 1959ஆம் ஆண்டு நிலவருவாய்த் தொகுப்புச் சட்டம் இவ்வழக்கத்தைப் பதிவேடாக்கியது. ஊர்தோறும் 'நிஸ்தார் பத்ரக்' என்னும் பதிவேடும், ஊர் வழக்கங்களைப் பதியும் 'வாஜிப்-உல்-அர்ஜ்' என்னும் பதிவேடும் வைக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. முன்னது வடமொழிச் சொல்லாலும் பின்னது அரபுத் தொடராலும் அமைந்து, ஒரே ஊரின் இரு பதிவேடுகளாகத் திகழ்வது இந்திய ஆட்சிமொழி வரலாற்றைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. வனத்துறையினரின் வழக்கில் இச்சொல் பின்னர் மேலும் சுருங்கியது. சலுகை விலையில் மூங்கிலும் கழியும் விறகும் விற்கப்படும் கிடங்கு 'நிஸ்தார் டிப்போ' எனப்பட்டது. தானே சென்று எடுத்துவரும் உரிமையைக் குறித்த சொல், வரிசையில் நின்று வாங்கும் வழங்கலைக் குறிப்பதாயிற்று. சொற்பொருள் சுருக்கத்திற்கு மாணவர்க்குக் காட்டத்தக்க சான்று இது. பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டுகளைப் போன்று தீங்கற்றதன்று என்பதுதான் வேறுபாடு.

இச்சொல்லுக்கு மிக அணுக்கமான தமிழ் வினை 'புழங்கு' என்பது கட்டுரையாளரின் கருத்து. குடிநீர் வேறு, புழங்கு நீர் வேறு என்று நம் வீடுகளில் வேறுபடுத்துகிறோம். ஒரு பாதையில் மக்கள் புழங்குகிறார்கள். ஒரு பாத்திரம் புழக்கத்தில் உள்ளது. இவ்விடங்களிலெல்லாம் அன்றாடத் தன்மையும், பழகிய உரிமையும், பொதுமையும் உணர்த்தப்படுகின்றன. விற்பனைப் பொருள் இதில் இல்லை. நிஸ்தாரி குளத்துக்கும் காட்டு நிஸ்தாருக்கும் இந்த ஒரு வேர்ச்சொல்லே இடர்ப்பாடின்றிப் பொருந்துகிறது. எனவே 'நிஸ்தார் (புழங்குரிமை)' என்று முதன்முறை எழுதிப் பின்னர்ப் 'புழங்குரிமை' என்றே ஆளலாம். ஒலிபெயர்ப்பை முதலில் நிறுத்துவதற்குக் காரணம், 'எப்பெயரால் அழைக்கப்பெறினும்' என்னும் தொடர், பதிவேடுகளிலுள்ள பழம்பெயர்களைச் சான்றாகக் கொள்ள இடம் தருவதேயாகும். பெயர் மறைந்தால் சான்றும் மறையும்.

'சிறு' எனவும் 'மகசூல்' எனவும்

'மைனர் ஃபாரஸ்ட் புரொடியூஸ்' என்பதற்குத் தமிழில் 'சிறு வனப்பொருள்', 'சிறு வன மகசூல்' என்னும் இரண்டும் வழங்குகின்றன. இந்தியில் 'லகு' என்றும் 'கௌண்' என்றும் அடைமொழி வேறுபடும். முன்னது அளவிற் சிறியதையும் பின்னது முதன்மையல்லாததையும் குறிக்கும். எதனை நோக்க இது சிறிது என்னும் வினாவுக்கு விடை ஒன்றே. வெட்டுமரம் பெரிது, ஏனையவை சிறிது. இது கருவூலத்தின் அளவுகோல். ஆயினும் அக்கருவூலமே பீடியிலையைச் சிறிதாகக் கருதவில்லை என்பதனை மத்தியப் பிரதேசம் 1964இலும் ஒடிசா 1973இலும் அவ்விலை வணிகத்தை அரசுடைமையாக்கியதிலிருந்து அறியலாம்.

தமிழாக்கத்தில் 'மகசூல்' என்னும் சொல் நேர்ந்த விதம் சுவையானது. அரபு மூலத்தில் கிடைத்தது, திரட்டியது எனப் பொருள்படும் இச்சொல், மராத்தியில் இன்றும் அரசு வருவாயைக் குறிக்கிறது. அங்கு 'மகசூல்' துறை என்பது வருவாய்த் துறையே. தமிழில் அது வயலின் விளைச்சலைக் குறிப்பதாயிற்று. ஆகவே 'வன மகசூல்' என்று நாம் எழுதும்போது, காடு ஒருவர் பயிரிட்டு அறுவடை செய்யும் வயல் என்னும் உருவகத்தை அறியாமலே புகுத்திவிடுகிறோம். பயிரிட்டவர் யார் என்று கேட்டால், அவ்வுருவகத்தின்படி வனத்துறையே. 'சிறு வனப்பொருள்' என்பதில் இக்குறை இல்லை. சட்டம் 'சிறு' என்பதை வரையறுத்துவிட்டமையால் அவ்வடையை நீக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை; ஆனால் 'மகசூல்' அவர் தாமே சேர்த்த சுமை.

வரையறையின் உள்ளடக்கமும் கவனத்திற்குரியது. மரமல்லாத, தாவர மூலமுடைய பொருள்கள் என்று தொடங்கும் பட்டியலில் தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு ஆகியவையும் இடம்பெறுகின்றன. தேனீயும் அரக்குப் பூச்சியும் சட்டத்தின் கண்களுக்குத் தாவரங்கள்! அதே பட்டியலில் 'தேந்து அல்லது கேந்து இலைகள்' என்று வருகிறது. தேந்து என்பது இந்திப் பெயர், கேந்து என்பது ஒடியாப் பெயர். பீடி சுற்றும் ஒரே இலைதான். ஆங்கிலத்தின் 'ஆர்' இவ்விடத்தில் பெயர் மாற்றைக் குறிக்கிறது, பொருள் மாற்றை அன்று. தமிழின் 'அல்லது' இரு வேறு இலைகள் என்றே உணர்த்தும். 'தேந்து எனவும் கேந்து எனவும் வழங்கும் பீடியிலை' என்பதே பொருத்தமான ஆக்கம்.

பட்டியலில் பெயர் கூறப்படாமல் 'இவை போன்றன' என்பதற்குள் அடங்கிப்போவது மகுவா. 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டமோ அதனைப் பெயர் சொல்லியே பிடித்துக்கொண்டது. வெட்டுமரம், கரி, அரக்கு முதலியவற்றுடன் மகுவாப் பூவும் வித்தும், காட்டில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வனப்பொருளே என்று அச்சட்டம் கூறுகிறது. இன்னார் வயலில் நிற்கும் மரத்தின் பூவும் சட்டத்தின் கண்ணில் காட்டுப் பொருளாகிவிடும். மக்கள் வழக்கோ இதற்கு நேர்மாறானது. காட்டுக்குள் நிற்கும் மரங்களுக்கும் பல ஊர்களில் இன்ன குடும்பத்தின் மரம் என்னும் ஒப்புதல் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவில் உதிரும் பூவை விடியலில் பெண்களும் சிறுவர்களும் பொறுக்கி உலர்த்துகின்றனர். உணவாகவும், மதுவாகவும், விற்று உப்பும் துணியும் வாங்கும் முதலாகவும் அது பயன்படுகிறது. வித்து எண்ணெய்க்காகும், அதற்கு வட்டாரந்தோறும் வேறு பெயர்கள் உள்ளன.

மொழிபெயர்ப்பாளர் மகுவாவை 'இலுப்பை' என்பர். தாவர நூலின்படி இது தவறன்று, இரண்டும் ஓரினமே. ஆயினும் தமிழில் இலுப்பை என்றவுடன் நினைவுக்கு வருவது கோயில் விளக்கெண்ணெய். பூவைப் பற்றி நாம் அறிந்ததோ, ஆலையில்லாத ஊரில் அது சர்க்கரையாகும் என்னும் பழமொழிதான். நல்லது கிடைக்காதபோது கொள்ளும் தாழ்ந்த மாற்று என்பதே அதன் குறிப்பு. கோண்டு மக்களின் வாழ்வை விவரிக்கும் ஒரு கட்டுரையில் 'இலுப்பைப்பூவை உண்டு வாழ்கின்றனர்' என்று தமிழில் படிப்பவர், அவர்களது வறுமையை மட்டுமே அதில் காண்பார். ஆண்டுக்கொரு முறை வரும் அறுவடையைக் காணமாட்டார். இத்தகைய இடங்களில் 'மகுவா' என்றே ஆண்டு, இலுப்பையின் இனம் என்று ஒருமுறை சுட்டுதல் தகும். தனித்தமிழ் நாட்டமுடையோர் இதனை ஏற்கத் தயங்கலாம். ஆனால் சொல் தமிழாக இருந்தும் பொருள் அயலாகிவிடுமாயின் பயன் யாது?

மரமும் புல்லும்

இதே 1927ஆம் ஆண்டுச் சட்டம் 'மரம்' என்பதில் பனையினங்களையும் மூங்கிலையும் அடக்கியது. தாவரவியலில் மூங்கில் புல்லினம். தொல்காப்பிய மரபியலும் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்துள்ளமை ஆய்வாளர் அறிந்ததே. மூங்கில் மரமாகக் கொள்ளப்பட்டதனால் அதனை வெட்டவும் கொண்டுசெல்லவும் மரத்துக்குரிய தடைகள் பொருந்தின. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சிறு வனப்பொருள் பட்டியலில் சேர்த்த பின்னர், ஒரே செடி ஒரு சட்டத்தில் மரமாகவும் மற்றொன்றில் மரமல்லாததாகவும் நின்றது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேண்டா-லேகா என்னும் கோண்டு ஊர், சமுதாய வனஉரிமை பெற்ற பின்னரும், தன் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் சீட்டுகளைத் தானே வழங்கும் அதிகாரத்தை 2011இல்தான் பெற்றது. 2017இல் செய்யப்பட்ட திருத்தம் 'மரம்' என்பதன் வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கே அதன் பயன் பெரிதும் சேர்ந்தது. காட்டு மூங்கில் வனச்சட்டத்தின் பிடியிலேயே நின்றது. வரையறைகளில் வரும் 'உள்ளடக்கும்' என்னும் வினையை மொழிபெயர்ப்பாளர்கள் எளிதாகக் கடந்து செல்கின்றனர். சட்டத்தின் வன்மை பல வேளைகளில் அங்குதான் உள்ளது.

பேவர், புனம்

பைகா மக்களின் 'பேவர்' வேளாண்மைக்கு வந்த கதியைச் சுருக்கமாகக் கூறலாம். காட்டின் ஒரு பகுதியை வெட்டி, உலர்த்தி, மழைக்கு முன் எரித்து, சாம்பலில் உழாமல் பலவகை விதைகளைத் தூவுவர். சில ஆண்டுகளுக்குப் பின் அதனைக் காடாக விட்டு வேறொரு துண்டுக்குச் சென்று, மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்புவர். 1890இல் அன்றைய மண்டலா மாவட்டத்தில் 'பைகா சக்' என்னும் எல்லைக்குள் அரசு இதனை ஒடுக்கியது. வடகிழக்கில் 'ஜூம்', ஒடியாவிலும் தெலுங்கிலும் 'போடு', கன்னடத்தில் 'குமரி', மலையாளத்தில் 'புனம்' என்று இத்தகைய வேளாண்மை வழங்குகிறது. ஆங்கிலத்தைப் பின்பற்றி நாம் 'இடம்பெயர் வேளாண்மை' என்கிறோம். இத்தொடர் மக்களை நாடோடிகளாகக் காட்டுகிறது. ஊர் பெரும்பாலும் நிலைத்திருக்க, விளைநிலமே சுழல்கிறது. திரும்பி வருதல் என்னும் கூறு இத்தொடரில் அறவே இல்லை. தமிழில் தினைப்புனம் என்பதில் வாழும் 'புனம்' கைவசமிருக்க, அது இலக்கியச் சொல் என்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை. 'சுழற்சிப் புனம்' என்று தெளிவாக்கிக்கொள்ளலாம். இங்குக் காடு என்பது மக்கள் சார்ந்திருக்கும் புறப்பொருள் அன்று. புனத்தின் ஒரு பருவமே காடு.

காசிச் சொற்கள் இடம்பெற்ற சட்டம்

இதுவரை கூறியவற்றிற்கு மாறாக, மக்களின் சொற்களையே வகைப்பாடாக ஏற்ற சட்டம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. இன்றைய மேகாலயத்தின் காசி, ஜைந்தியா மலைப்பகுதித் தன்னாட்சி மாவட்ட மன்றம் 1958இல் இயற்றிய வன மேலாண்மைச் சட்டம் அது. காசி மொழியில் 'லா' என்பது காடு. அப்பெயர் முன்னும் அடை பின்னும் நிற்கும். குலம் அல்லது தனியாரின் நிலத்திலுள்ள காடு 'லா ரி சுமார்'. வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டுப் பூசகர் பொறுப்பிலுள்ளவை 'லா லிங்டோ', 'லா கின்டாங்', 'லா நியாம்'. நீர்வளம் முதலியவற்றைக் காக்க ஊராரே தமக்குத்தாம் ஒதுக்கிவைத்து, ஊர் அவையின் துணையுடன் தலைவர் பேணுவன 'லா அடோங்', 'லா ஷ்னோங்'. பல ஊர்களின் கூட்டமைப்பாகிய 'ரெய்ட்' பொறுப்பிலுள்ள காடுகள் வேறு. மரவளத்தையோ வருவாயையோ கொண்டு இப்பாகுபாடு அமையவில்லை; யார் பேணுவது, எதற்காக என்பவற்றைக் கொண்டு அமைந்துள்ளது. ஆங்கிலச் சட்டநடையில் இப்பெயர்கள் ஒலிபெயர்ப்பாக நின்று, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே வரையறை தரப்பட்டுள்ளது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் நிஸ்தாருக்குச் செய்யத் தவறியது இதுவே.

இச்சட்டத்தைத் தமிழாக்க முற்படுவோர்க்கு 'லா கின்டாங்' பெரும் இடர் தராது. 'கோயிற்காடு' என்பது ஏறக்குறையப் பொருந்தும், கோயில் என்னும் கட்டடம் அங்கு இல்லை என்று குறித்துவிட்டால் போதும். 'லா அடோங்' என்பதே கடினம். 'அடோங்' என்பது விலக்குதல், தடுத்தல். 'தடைசெய்யப்பட்ட காடு' என்று பெயர்த்தால் தடுத்தவர் அரசு என்றே தமிழில் பொருள்படும். நம் செயப்பாட்டுவினை எழுவாயை மறைத்துவிடுகிறது. 'காப்புக்காடு' என்னும் நல்ல சொல்லையோ வனத்துறை தன் எல்லைப் பலகைகளில் முன்னரே தனக்கென எழுதிக்கொண்டுவிட்டது. ஊர் தானே கூடித் தனக்கு விதித்துக்கொள்ளும் வரம்பை நம் சிற்றூர்களில் 'ஊர்க்கட்டு' என்பர். 'ஊர்க்கட்டுக் காடு' என்பதனைத் துறையறிஞர்களின் பரிசீலனைக்கு வைக்கலாம்.